குற்றம் குறைந்ததா, கணக்கு குறைந்ததா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு திட்டம் வருகிறது. பேருந்து நிலையத்தில் கேமரா, எல்லையில் புது செக்போஸ்ட், டாஸ்மாக் கடை மூடல், இரவு ரோந்து, எதுவாகவும் இருக்கட்டும். ஓராண்டு கழித்து 'முன்', 'பின்' என்று இரண்டு பத்தி போட்ட ஓர் எக்ஸெல் அட்டவணை கைக்கு வரும். குற்றம் இத்தனை சதவீதம் குறைந்தது என்று கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அப்படியே அறிக்கையில் ஏற்றலாமா என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, சித்தூர், குடியாத்தம் என்று இந்த எல்லையோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் அதிகம். மாநிலம் இரண்டு, போலீஸ் இரண்டு, பதிவேட்டின் மொழி இரண்டு. ஆனால் சந்தையும் சொந்தபந்தமும் ஒன்று. சென்னையிலோ அமராவதியிலோ உட்கார்ந்து தரவைப் பார்ப்பவருக்கு எல்லைக்கோட்டில் கணக்கு முடிந்துவிடும். நமக்கு முடியாது.

மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அட்டவணையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். 'அ' ஊர், 'ஆ' ஊர் என்று வரும் எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. ஆண்டும் பெயரும் சொல்லி வருபவை நிஜ விவரங்கள்.

அறிகுறி: ஒரே மாதத்தில் எண்ணிக்கை தடாலென்று மாறி, மாறிய இடத்திலேயே நிற்கிறது

திருடர்கள் ஒன்றாம் தேதி பார்த்துத் திருந்துவதில்லை. பதிவேடுதான் ஒன்றாம் தேதி பார்த்து மாறும். எனவே இப்படி ஒரு வெட்டு தெரிந்தால் முதல் சந்தேகம் பதியும் முறை மேல் வர வேண்டும்.

தமிழ்நாட்டு ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும். அது எஃப்.ஐ.ஆர். ஆகிறதா என்பது அப்புறம். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனாலும் ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் பல திட்டங்களின் வெற்றி ஒளிந்திருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டு என்று மேலிருந்து சொன்னால் புகார் ரசீதோடு நின்றுவிடும். ஒன்றையும் விடாதே என்று சொன்னால் எல்லாம் வழக்காகும். இரண்டு நிலையிலும் தெருவில் ஒன்றும் மாறியிருக்காது.

நாடு தழுவிய உதாரணம் வேண்டுமென்றால் 2013ஐப் பாருங்கள். 2012 டிசம்பரில் நடந்த டெல்லி கூட்டு வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமைக்கான வரையறை விரிந்தது. புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ்காரருக்கே தண்டனை என்று 166ஏ பிரிவு வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2012ல் 24,923 ஆக இருந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள் 2013ல் 33,707 ஆயின. சட்டம் வந்ததால் குற்றம் கூடிவிட்டது என்று இதைப் படித்தால் அபத்தம். வரையறை விரிந்ததும், சொல்லாமல் இருந்தவர்கள் சொன்னதும், வாங்காமல் இருந்த புகாரை வாங்கியதும் அந்த உயர்வுக்குள் இருக்கின்றன. கேரளாவின் குற்ற வீதம் ஆண்டுதோறும் பட்டியலின் மேல்பக்கத்தில் நிற்பதற்கும் பதிவு செய்யும் பழக்கம் ஒரு முக்கியக் காரணம். குற்றம் கூடுவதும் பதிவு கூடுவதும் வேறு வேறு என்று அந்தக் காப்பகமே தன் ஆண்டறிக்கையில் எச்சரிக்கை போட்டுத்தான் தருகிறது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அவ்வளவுதான்.

2020ஐத் தொடராக எடுத்தவர்களுக்கு இன்னொரு குழி. அந்த ஆண்டு மொத்தக் குற்றம் 28 சதவீதம் கூடியது என்று தலைப்புச் செய்தி வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான 188வது பிரிவு வழக்குகள் 29,469லிருந்து 6,12,179 ஆகப் பெருகியிருந்தன. எல்லாம் ஊரடங்கில் வெளியே வந்தவர்கள். திருட்டு அதே ஆண்டில் நன்றாகவே குறைந்திருந்தது. அதனால் 'மொத்த வழக்குகள்' என்ற பத்தியை வைத்து எதையும் அளக்காதீர்கள். என்னைக் கேட்டால் அந்தப் பத்தியை அழித்துவிட்டே வேலையைத் தொடங்கலாம்.

சமீபத்திய வெட்டு 2024 ஜூலை 1. அன்றுதான் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. முன்பு செயின் பறிப்பு சில ஸ்டேஷன்களில் 379 என்று திருட்டுக் கணக்கிலும், சிலவற்றில் 392 என்று வழிப்பறிக் கணக்கிலும் ஏறும். இப்போது பறிப்புக்கென்றே 304வது பிரிவு தனியாக இருக்கிறது. அதனால் திருட்டு, வழிப்பறி இரண்டு தொடர்களுமே அந்தத் தேதியில் உடைகின்றன. இதுபோக ஐயாயிரம் ரூபாய்க்குள் நடக்கும் முதல்முறைத் திருட்டு, பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால், போலீஸ் தானாக வழக்கெடுக்க முடியாத வகைக்குப் போய்விட்டது. 2024 பிற்பாதியில் தொடங்கிய எந்தத் திட்டத்துக்கும் இது ஓர் இலவச வெற்றி.

என்ன செய்யலாம்? முதல் வேலை, தேதிப் பட்டியல். சட்டம் மாறிய நாள், இன்ஸ்பெக்டர் மாறிய நாள், ஆன்லைன் புகார் வந்த நாள், ஸ்டேஷன் எல்லை மாறிய நாள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வரைபடத்தின் மேல் கோடு போடுங்கள். அடுத்து, ஸ்டேஷன் ரைட்டரைப் போய்ப் பாருங்கள். "ஏட்டய்யா, பஸ்ல பர்ஸ் போச்சுன்னு வந்தா எதுல போடுவீங்க? போன வருஷமும் அதேதானா?" என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தகவல் எந்தக் கையேட்டிலும் கிடைக்காது. மூன்றாவதாக, போலீஸ் பேனாவுக்கு எளிதில் வளையாத எண்களை அருகில் வையுங்கள். கொலையை மறைப்பது கடினம். பைக் திருட்டுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் எஃப்.ஐ.ஆர். தேவை என்பதால் அதுவும் ஓரளவு ஒழுங்காகப் பதிவாகும். அடிதடிக்கு அரசு மருத்துவமனையின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் இருக்கிறது; காயத்தோடு வந்தவரை அங்கே எழுதாமல் விடமாட்டார்கள். போலீஸ் கணக்கில் அடிதடி பாதியாகி, மருத்துவமனைப் பதிவேட்டில் அப்படியே இருந்தால், எதை நம்புவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானதை மட்டுமே ஆண்டறிக்கை எண்ணும் என்பதையும் மனதில் வையுங்கள். பாலியல் வன்கொடுமை செய்து கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கில் போகும். பாலியல் வன்கொடுமைப் பத்தியில் தேடினால் கிடைக்காது.

அறிகுறி: கஞ்சா, சாராயம், செம்மரம் வழக்குகள் திட்டத்துக்குப் பிறகு கூடுகின்றன

இவையெல்லாம் புகார் வந்து பதிவாகும் குற்றங்கள் அல்ல. போலீஸ் தேடிப் போனால்தான் வழக்கு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு போலீஸ் 'கஞ்சா வேட்டை' தொடங்கியபோது வழக்கு கூடியது என்றால், கூடியது வேட்டை. கஞ்சா கூடியதா குறைந்ததா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. சேஷாசலம் காட்டுச் செம்மர வழக்குகளும் அப்படித்தான். தனிப்படை போட்டால் வழக்கு ஏறும், படையை வேறு வேலைக்கு அனுப்பினால் இறங்கும். இந்த வகை எண்களை விளைவுப் பத்தியில் வைக்காமல், போலீஸ் உழைப்பின் அளவாக வேறொரு பத்தியில் வையுங்கள்.

போலீஸ் அதிகமுள்ள ஊரில் குற்றமும் அதிகம், அப்படியானால் போலீஸால் குற்றம் கூடுகிறதா என்ற பழைய குழப்பத்துக்கும் பாதி விடை இதில் இருக்கிறது. மீதிப் பாதி, குற்றம் அதிகமுள்ள இடத்துக்குத்தானே ஆள் அனுப்புவார்கள் என்பது.

அறிகுறி: "ஐம்பது சதவீதம் குறைந்தது", ஆனால் வழக்கு எண்ணிக்கை ஒற்றை இலக்கம்

சதவீதத்தைப் பார்த்தவுடன் கீழே எத்தனை என்று கேளுங்கள். 'அ' ஊர் ஸ்டேஷனில் மாதம் சராசரியாக 6 பைக் திருட்டு. கேமரா வைத்த மாதத்தில் 3. பாதியாகிவிட்டது. ஆனால் எதுவுமே மாறாமல், சராசரி 6 ஆகவே இருந்தாலும், ஒரு மாதத்தில் 3 அல்லது அதற்கும் குறைவாக வருவதற்கான வாய்ப்பு சுமார் 15 சதவீதம். பாய்சான் பரவலில் (சராசரி தெரிந்த ஓர் எண்ணிக்கை தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று சொல்லும் கணக்கு) போட்டுப் பாருங்கள், எக்ஸெலிலேயே அந்தச் சூத்திரம் உண்டு. ஏழு மாதத்துக்கு ஒருமுறை சும்மாவே நடக்கக்கூடியதற்குத் திட்டத்தின் பெயரை வைக்க முடியாது.

கொலை போன்ற அரிய குற்றங்களில் இது இன்னும் மோசம். 2 என்பது 4 ஆனால் 'நூறு சதவீத உயர்வு'. ஒரே குடும்பத் தகராறில் மூன்று பேர் இறந்தால் ஒரு வட்டத்தின் ஆண்டுக் கணக்கே தலைகீழாகும். நிஜத் தரவு பெரும்பாலும் பாய்சானைவிட இன்னும் அதிகமாகத் துள்ளும். ஒரு திருட்டுக் கும்பல் பிடிபடும்வரை ஒரே வாரத்தில் பத்து வீடு போகும். அதனால் நெகட்டிவ் பைனாமியல் போன்ற, கூடுதல் சிதறலுக்கு இடம் கொடுக்கும் மாதிரி வேண்டும். அது கைக்கு வராவிட்டால், மாதங்களைச் சேர்த்து ஆண்டாக்கி, பக்கத்து ஸ்டேஷன்களைச் சேர்த்து வட்டமாக்கி, பிறகு ஒப்பிடுங்கள். சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அடிப்படை எண்ணையும் அச்சிடுங்கள்.

அறிகுறி: மோசமான இடங்களாகப் பொறுக்கி எடுத்துத் திட்டம் போட்டார்கள், போட்ட இடமெல்லாம் பலன்

எல்லா இடத்திலும் பலன் என்று கேட்டதும் மகிழ்ச்சி வரும். எனக்கு இங்கேதான் சந்தேகம் அதிகமாக வரும்.

40 தெருக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் ஆண்டுக்குச் சராசரியாக 6 திருட்டு. ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் கிடையாது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் சிலவற்றில் 2 வரும், சிலவற்றில் 11 வரும். அந்த ஆண்டின் மோசமான ஐந்து தெருக்களை எடுத்தால் அவற்றின் சராசரி 10ஐ ஒட்டி இருக்கும். அடுத்த ஆண்டு அதே ஐந்து தெருக்களில் எவ்வளவு வரும்? 6தான். ஒரு கேமராகூட வைக்காமல் 40 சதவீதம் குறைந்துவிட்டது. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். நம்பிக்கை வரவில்லை என்றால் எக்ஸெலில் தற்செயல் எண்களை வைத்து இதே விளையாட்டை ஆடிப் பாருங்கள். எஃப்9ஐத் தட்டி எண்களைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க 'திட்டம்' வென்றுகொண்டே இருக்கும்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம். 1955ல் அங்கே சாலை விபத்தில் 324 பேர் இறந்தார்கள். ஆளுநர் அதிவேகத்துக்கு எதிராகக் கடுமையான நடவடிக்கை எடுத்தார். 1956ல் 284. நாற்பது உயிரைக் காப்பாற்றினோம் என்று அறிவிப்பு. பிறகு 1968ல் கேம்பல், ராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முந்தைய ஆண்டுகளையும் பக்கத்து மாநிலங்களையும் சேர்த்து வரைந்து பார்த்தார்கள். 1955 வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து நின்ற ஆண்டு. அந்த உயர்வுதான் நடவடிக்கைக்கே காரணம். உச்சியில் நிற்கும் ஆண்டுக்குப் பிறகு இறக்கம் வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். நடவடிக்கை ஒன்றுமே செய்யவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார்கள்.

நம் ஊரில் திட்டங்கள் எப்போது வருகின்றன? ஒரு பெரிய சம்பவம் நடந்து, செய்தி வந்து, மறியல் நடந்து, அதன் பிறகுதான். அதாவது ஏறக்குறைய எல்லாத் திட்டங்களும் உச்சியில்தான் பிறக்கின்றன. ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட ஆண்டை 'முன்' ஆண்டாக வைக்கவே கூடாது. அதற்கு முந்தைய மூன்று நான்கு ஆண்டுச் சராசரியை வையுங்கள். முடிந்தால், பட்டியலில் அடுத்தடுத்து இருந்தும் பணம் போதாமல் விடுபட்ட தெருக்களை ஒப்பீட்டுக்கு எடுங்கள். அவையும் அதே அளவு இறங்கியிருந்தால் விஷயம் முடிந்தது.

அறிகுறி: திட்டம் இல்லாத பக்கத்து ஊரிலும் குறைந்திருக்கிறது

'அ' ஊரில் திட்டம். திருட்டு 80லிருந்து 60. இருபத்தைந்து சதவீதக் குறைவு. 'ஆ' ஊரில் எதுவும் இல்லை, 100லிருந்து 82. அங்கும் 18 சதவீதம் குறைவு. தங்க விலையோ, வேலை வாய்ப்போ, கும்பல் ஒன்று உள்ளே போனதோ, ஏதோ பொதுக் காரணம் இரண்டு ஊரையும் இறக்கியிருக்கிறது. திட்டத்தின் பங்கு என்ன?

கழித்துப் பார்த்தால் அங்கே 18 குறைந்தது, இங்கே 20. திட்டத்தால் வெறும் 2 வழக்கு. விகிதத்தில் பார்த்தால், 'ஆ' ஊர் போலவே 'அ'வும் இறங்கியிருந்தால் 65.6 இருந்திருக்க வேண்டும், இருப்பது 60; அதாவது 8.5 சதவீதம், ஐந்தரை வழக்கு. ஒரே தரவு, இரண்டு விடை. இரண்டு ஊரின் தொடக்க அளவு வேறாக இருக்கும்போதெல்லாம் இது நடக்கும். எந்த முறையில் பார்ப்பது என்பதை விடை தெரிவதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். திருட்டு போன்ற எண்ணிக்கைகளுக்கு விகிதமே பெரும்பாலும் பொருந்தும். பொதுக் காரணங்கள் பெரிய ஊரில் அதிக வழக்கையும் சின்ன ஊரில் குறைந்த வழக்கையும்தானே குறைக்கும்.

இன்னொரு அடி போகலாம். அந்த 8.5 சதவீதத்தைச் சுற்றி எவ்வளவு நிச்சயமின்மை? நான்கு எண்களின் தலைகீழ்களையும் கூட்டுங்கள்: 80ல் ஒன்று, 60ல் ஒன்று, 100ல் ஒன்று, 82ல் ஒன்று. கூட்டுத்தொகை 0.051. அதன் வர்க்கமூலம் 0.227. மடக்கை அளவில் இதுதான் நியமப் பிழை (standard error), அதாவது விடை தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு. 95 சதவீத இடைவெளியாக (உண்மை விடை அநேகமாக இருக்கக்கூடிய எல்லைகளாக) மாற்றினால், திட்டம் திருட்டை 41 சதவீதம் குறைத்திருக்கலாம் என்பதிலிருந்து 43 சதவீதம் கூட்டியிருக்கலாம் என்பது வரை விரிகிறது. 80, 60 என்பவை சின்ன எண்கள் அல்ல என்றுதான் தோன்றும். கால்குலேட்டர் அப்படி நினைக்கவில்லை.

இந்த முறை செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே போக்கில் ஏறி இறங்கியிருக்க வேண்டும். குறைந்தது நான்கைந்து ஆண்டுகளை வரைந்து கண்ணால் பாருங்கள். 'அ' ஊர் ஏற்கெனவே ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டிருந்தது என்றால், ஓடும் பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு நான்தான் ஓட்டினேன் என்று திட்டம் சொல்கிறது.

அறிகுறி: எல்லைக்கு இந்தப் பக்கம் குறைவு, அந்தப் பக்கத்தை யாரும் எண்ணவில்லை

1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் சித்தூரும் ஆந்திராவில் நின்றன. கோடு போட்ட பிறகும் பொன்பாடி வழியாகப் போகிற வருகிற கூட்டம் நிற்கவில்லை. குற்றத்துக்கும் அந்தப் போக்குவரத்து உண்டு. ஆனால் தமிழ்நாட்டுத் திட்டத்தை மதிப்பிடுபவர் தமிழ்நாட்டு ஸ்டேஷன்களை மட்டுமே எண்ணுவார்.

மதுக்கடையில் இது அப்பட்டமாகத் தெரியும். ஊரடங்கின் நடுவே 2020 மே 4 அன்று ஆந்திரா கடைகளைத் திறந்தது. தமிழ்நாடு 7ஆம் தேதிதான் திறந்தது. அந்த இடைவெளியில் எல்லையோரத் தமிழ்நாட்டுக்காரர்கள் அந்தப் பக்கக் கடைகளை நோக்கிப் போனார்கள். அந்த நாட்களின் குடிபோதைத் தகராறுகளைத் தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் எண்ணினால் கடையடைப்பின் பலன் பிரமாதமாக இருக்கும். கேரள எல்லையில் வாளையாறு, குமுளி, களியக்காவிளைப் பக்கம் வேலை செய்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

இடப்பெயர்ச்சியால் ஒப்பீட்டுக் கணக்கும் கெடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'அ'வில் துரத்திய திருடர் 'ஆ'வுக்குப் போனால், 'ஆ'வின் எண்ணிக்கை கூடும். அதை ஒப்பீடாக வைத்த நீங்கள் திட்டத்தின் பலனை இரண்டு முறை எண்ணுவீர்கள். எதிர்த்திசையும் உண்டு. கேமரா எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாததால் திருடர் சுற்றுவட்டாரத்தையே தவிர்த்தால், 'ஆ'விலும் குறையும்; பலனைக் குறைத்து எண்ணுவீர்கள். அதனால் ஊர்களை மூன்றாகப் பிரியுங்கள்: திட்டம் உள்ளவை, எல்லைக்கு அந்தப் பக்கம் உட்பட அதை ஒட்டியவை, தொலைவில் உள்ளவை. ஒப்பீடு தொலைவில் உள்ளவற்றோடு. ஒட்டியவற்றின் ஏற்ற இறக்கம் தனி வரியில். ஆந்திரத் தரவு தெலுங்கில் வரும் என்பது ஒரு சாக்காக இருக்க முடியாது. இந்தப் பக்கம் தெலுங்கு தெரியாதவரைத் தேடினால்தான் கிடைக்கும்.

மதுக்கடை ஆய்வில் கூடுதலாக ஒன்று. 'மூடப்பட்டது' என்ற சொல்லையே நம்பாதீர்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது, 20,000க்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள இடங்களில் 220 மீட்டர் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடின. அவற்றில் பல ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் இடம் மாறத்தான் பார்த்தன; பெண்கள் பல ஊர்களில் மறியல் செய்தது அதனால்தான். அட்டவணையில் 'மூடல்' என்றிருப்பது நிலத்தில் 'இடமாற்றம்' ஆக இருக்கலாம்.

அறிகுறி: அதே ஆண்டில் நாலைந்து விஷயம் ஒன்றாக நடந்திருக்கிறது

ஆந்திராவில் 2019 அக்டோபரில் மதுக்கடைகளை அரசே எடுத்து, 4,380 கடைகளை 3,500 ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு. மே மாதம் விலை 75 சதவீதம் உயர்வு. அதே மாதம் கடத்தலைப் பிடிக்கச் சிறப்பு அமலாக்கப் பிரிவு. இதற்குப் பிறகு குடும்ப வன்முறை வழக்கு குறைந்ததா கூடியதா என்று பார்த்து, அதைக் கடை குறைப்பின் கணக்கில் எழுத வழியே இல்லை. மற்ற காரணங்களைக் கழிக்க எத்தனை கட்டுப்பாட்டு மாறிகள் போட்டாலும் ஒரே நேரத்தில் நடந்ததைப் பிரிக்க முடியாது. இந்த இடத்தில் நேர்மையான விடை, 'இந்தத் தொகுப்பின் கூட்டு விளைவு இது' என்பதுதான்.

அறிகுறி: வழக்கு மாறவில்லை, குற்ற வீதம் மட்டும் குதிக்கிறது

கோளாறு வகுக்கும் எண்ணில். கடைசியாகக் கைவசம் உள்ள முழுக் கணக்கெடுப்பு 2011. அதன் பிறகு எல்லாம் கணிப்பு மக்கள்தொகை. அப்புறம் மாவட்டமே மாறிவிடுகிறது. 2019 நவம்பரில் வேலூர் மூன்றானது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திராவின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. பழைய சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் எடுத்துத் திருப்பதி மாவட்டம் வந்தது. 'சித்தூர் மாவட்டத்தில் குற்றம் பாதியானது' என்று யாராவது சொன்னால், மாவட்டமும் பாதியானது என்று நினைவூட்டுங்கள். தொடரை ஸ்டேஷன் வாரியாகக் கட்டி, பிறகு உங்களுக்கு வேண்டிய பழைய எல்லைக்கு நீங்களே கூட்டிக்கொள்வதுதான் ஒரே வழி. காவல் மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றாக இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பதி போன்ற ஊரில் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுப்பதே தவறு. பறிகொடுப்பவரும் பறிப்பவரும் பெரும்பாலும் வெளியூர். பிக்பாக்கெட் என்றால் வந்துபோகும் பக்தர் எண்ணிக்கையால் வகுங்கள். பைக் திருட்டு என்றால் வண்டி எண்ணிக்கையால்.

அறிகுறி: போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டோம், ஆனாலும் ஒத்துவரவில்லை

பண்டிகை ஆங்கில மாதத்துக்குக் கட்டுப்படாது. தீபாவளி 2022ல் அக்டோபர் 24, 2023ல் நவம்பர் 12. கடைவீதிக் கூட்டமும் அதோடு வரும் பிக்பாக்கெட்டும் ஓர் ஆண்டு அக்டோபரில் விழும், மறு ஆண்டு நவம்பருக்குத் தள்ளிப்போகும். திருத்தணி ஆடிக் கிருத்திகை, திருமலை பிரம்மோற்சவம் எல்லாம் இப்படித்தான். வாரக் கணக்காக எடுத்து, பண்டிகை வாரத்துக்குத் தனிக் குறி போடுங்கள்.

அறிகுறி: மென்பொருள் நட்சத்திரம் போட்டுவிட்டது

நட்சத்திரம் என்பது, இந்த மாற்றம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று மென்பொருள் போடும் குறி. எத்தனை வகைக் குற்றத்தைச் சோதித்தீர்கள் என்று முதலில் கேட்பேன். இருபது வகையைத் தனித்தனியாக 5 சதவீத அளவில் சோதித்தால், எந்தப் பலனும் இல்லாத திட்டத்துக்கும் குறைந்தது ஒரு நட்சத்திரம் விழ 64 சதவீத வாய்ப்பு. கேமரா வைத்தார்கள், செயின் பறிப்பு குறையவில்லை, வீடு புகுந்து திருடுவது குறையவில்லை, 'மோசடி' மட்டும் குறைந்தது என்று முடிவு வந்தால், கேமரா மோசடியை எப்படித் தடுத்தது என்று சொல்லச் சொல்லுங்கள். எதை அளக்கப் போகிறோம் என்று திட்டம் தொடங்கும் முன்பே ஒன்றிரண்டு மட்டும் எழுதி வைப்பது நல்லது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. பத்து ஸ்டேஷன், நூற்றிருபது மாதம், ஆக 1,200 தரவுப் புள்ளி என்று மென்பொருள் எண்ணிக்கொள்ளும். ஆனால் ஒரே ஸ்டேஷனின் ஜனவரியும் பிப்ரவரியும் தனித்தனி சாட்சிகள் அல்ல. மரியான் பெர்ட்ரான்ட், எஸ்தர் டஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004ல் ஒரு வேடிக்கையான சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பெண்களின் கூலித் தரவை எடுத்து, இல்லாத சட்டங்களை ஏதோ சில மாநிலங்களில் ஏதோ ஓர் ஆண்டில் வந்ததாகக் கற்பித்து, வழக்கமான முறையில் மதிப்பிட்டார்கள். இல்லாத சட்டத்துக்கு 5 சதவீதம்தான் 'பலன்' தெரிய வேண்டும். 45 சதவீதம் வரை தெரிந்தது. திருத்தம்: பிழையை ஸ்டேஷன் வாரியாகக் கொத்தாக்குங்கள், அதாவது ஒரே ஸ்டேஷனின் மாதங்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று மென்பொருளுக்குச் சொல்லுங்கள். கொத்துகள் மிகக் குறைவு என்றால் அதுவும் போதாது. அவர்களைப் போலவே நீங்களும் போலித் தேதியையும் போலி ஊரையும் திட்டமாக வைத்துப் பலமுறை ஓட்டிப் பாருங்கள். போலிகளின் கூட்டத்தில் உங்கள் நிஜத் திட்டம் தனித்து நிற்கவில்லை என்றால் நட்சத்திரத்தை அழித்துவிடுங்கள்.

அறிகுறி: எந்த மாற்றமும் தெரியவில்லை, திட்டம் தோல்வி என்று எழுதச் சொல்கிறார்கள்

எழுதாதீர்கள். மேலே 'அ', 'ஆ' ஊரில் கண்ட இடைவெளி நினைவிருக்கும். அதில் பெரிய வெற்றிக்கும் இடம் இருந்தது, தோல்விக்கும் இடம் இருந்தது. 20 சதவீதக் குறைவு உண்மையிலேயே இருந்தால் அதை ஐந்தில் நான்கு முறை கண்டுபிடிக்க, முன், பின், அங்கே, இங்கே என்ற நான்கு கட்டங்களிலும் தலா 600க்கு மேல் வழக்கு வேண்டும். ஒரு சின்ன ஊர் ஸ்டேஷனில் அவ்வளவு திருட்டு சேர எத்தனை ஆண்டு ஆகும் என்று வகுத்துப் பாருங்கள்.

வழி இரண்டு. பல ஊர்களைச் சேர்த்துப் பார்ப்பது ஒன்று. மற்றது, திட்டம் பரவும்போதே ஏற்பாடு செய்வது. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் பணம் வருவதில்லை. எந்த ஊருக்கு முதலில் என்பதை எம்.எல்.ஏ. பரிந்துரைக்கோ போன ஆண்டுப் புகாருக்கோ விடாமல், தகுதியான ஊர்களின் பெயரைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுத்தால், பின்வரிசை ஊர்கள் தாமாகவே ஒப்பீட்டு ஊர்களாகிவிடும். இரண்டும் முடியாத நிலையில் அறிக்கை எழுத வேண்டியிருந்தால், 'இந்தத் தரவில் 41 சதவீதக் குறைவு முதல் 43 சதவீத உயர்வு வரை எதையும் மறுக்க முடியவில்லை' என்று அந்த இரண்டு எண்ணையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். மேஜையின் அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பிடிக்காது. அடுத்த முறை தரவு கேட்டால் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அதற்கும் நாள் ஒதுக்கிவிடுங்கள்.